ஆறாயிரம் ரூபாய் கட்டிச் சேர்த்த வகுப்புக்கு அஞ்சுக்கு இரண்டே அரைக்கால்

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரை யாரும் காத்திருக்க வேண்டாம். இரண்டு ஸ்டார், கூடவே ஒரு அரைக்கால். அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று. எங்கள் தாத்தா தேவகோட்டைப் பக்கம் ஒரு செட்டியார் வீட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர், கால், அரைக்கால், மாகாணி என்று வாயாலேயே வட்டி போடுவார், அந்தப் பழக்கம் எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. ஸ்டார் போடுகிற இடத்தில் அரைக்கால் போட வழியில்லை, அதனால்தான் இப்படி எழுத்தில்.

விஷயம் இதுதான். என் மகள் மார்ச்சில் பிளஸ் டூ எழுதி முடித்தாள். ரிசல்ட் வர நாள் கிடக்கிறது, கல்லூரி திறக்க அதற்கும் மேலே, நடுவில் அவளும் போனும் மட்டும்தான். அப்போதுதான் காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் போன இடத்தில் ஒரு நோட்டீஸ் கையில் கிடைத்தது. பதினைந்திலிருந்து பத்தொன்பது வயது வரை உள்ள பிள்ளைகளை வேலை உலகத்துக்குத் தயார் செய்கிறார்களாம், பத்து நாள், காலை பத்திலிருந்து ஒரு மணி வரை, 6,000 ரூபாய், சான்றிதழ் உண்டு. காரைக்குடி வெயிலில் பிள்ளை மூன்று மணி நேரம் ஏசியில் உட்கார்ந்திருக்கும், அதற்கே பாதிக் காசு கொடுக்கலாம் என்றார் வீட்டுக்காரர். கட்டினோம். நிலையத்தின் பெயரைப் போடவில்லை. யார் பிழைப்பிலும் மண் அள்ளிப் போட எனக்கு ஆசை இல்லை, சேர்க்கும் முன் என்ன கேட்க வேண்டும் என்று மற்றவர்களுக்குத் தெரிந்தால் சரி.

இதைச் சொல்ல நீ யார் என்று கேட்டால், நான் 19 வருஷமாக ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். தீபாவளிக்கு முன்னால் வருஷா வருஷம் பதினெட்டு, பத்தொன்பது வயதில் பிள்ளைகள் சேல்ஸுக்கு வருவார்கள். பத்துப் பேர் சேர்ந்தால் பொங்கலுக்கு நாலு பேர் மிஞ்சினால் பெரிது. போகிறவர்கள் யாரும் வேலை தெரியாமல் போவதில்லை, புடவை பிரித்துக் காட்டி மடித்து வைக்க ஒரு வாரத்தில் கை வந்துவிடும். நாள் முழுக்க நிற்க முடியாமல், வாடிக்கையாளர் முன்னால் சூப்பர்வைசர் ஒரு சத்தம் போட்டதைத் தாங்க முடியாமல், முதல் மாதச் சம்பளத்தில் எதற்கு எவ்வளவு பிடித்தார்கள் என்று புரியாமல், அதைக் கேட்கவும் தெரியாமல், ஒருநாள் போனை அணைத்து வைத்துவிட்டு வராமல் இருந்துவிடுவார்கள். இந்த வகுப்பு அதையெல்லாம் சொல்லித்தரும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். நோட்டீஸில் அப்படி ஒன்றும் போடவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

முதல் ஐந்து நாளும் இன்டர்வியூதான். கோட்டுப் போட்ட பயிற்றுநர் ஒருவர் மதுரையிலிருந்து வந்தார். கைகுலுக்குவது, கண்ணைப் பார்த்துப் பேசுவது, ‘மைசெல்ஃப்’ என்று தொடங்கி ஆங்கிலத்தில் ஒரு நிமிடம் தன்னைப் பற்றிச் சொல்வது. முப்பத்திரண்டு பிள்ளைகளும் அதே ஒரு நிமிடத்தை மனப்பாடம் செய்தார்கள், ஊர்ப் பெயரையும் அப்பா பெயரையும் மட்டும் மாற்றிக்கொண்டு. உன் பலவீனம் என்ன என்று கேட்டால் எல்லாவற்றையும் கச்சிதமாகச் செய்யாமல் விடமாட்டேன், அதுதான் என் பலவீனம் என்று சொல்ல வேண்டுமாம். என் மகளின் பலவீனம் காலை எட்டரை வரை எழுந்திருக்காதது. பயோடேட்டாவில் அனுபவம் என்ற இடத்தில் ஏழாம் வகுப்பு ஆண்டு விழாவில் கோலாட்டம் ஆடியதை எழுதிக்கொண்டு வந்தாள், நானும் வீட்டுக்காரரும் சிரிக்காமல் இருக்கப் படாதபாடு பட்டோம். ஆனால் ஒன்று, சொந்தக்காரர் வந்தால் கதவுக்குப் பின்னால் நிற்கிற பெண், மைக்கைப் பிடித்து முப்பது பேர் முன்னால் பேசிவிட்டாள். அது இந்த வகுப்பால்தான் வந்தது. இல்லை என்று சொன்னால் பாவம்.

நாலாம் நாள் அதற்கு நடுவே கொஞ்சம் ஊர்ப் பெருமை. வள்ளல் அழகப்பச் செட்டியார், எங்கள் ஊருக்கு மின்வேதியியல் ஆய்வகம் வரவேண்டும் என்று 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்த கதையைப் பயிற்றுநர் சொன்ன விதத்தில் பிள்ளைகளுக்குக் கண் கலங்கிவிட்டதாம். கலங்க வேண்டிய கதைதான். அதே மூச்சில், செட்டிநாட்டு மண்ணில் பிறந்த உங்கள் ரத்தத்திலேயே வியாபாரம் ஓடுகிறது என்றும் சொல்லியிருக்கிறார். வீட்டில் வந்து மகள் இதைச் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. ரத்தத்தில் ஒன்றும் ஓடவில்லை. தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன், பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்யப் போன காலத்தில் செட்டியார் வீட்டுப் பிள்ளையே ஆனாலும் கடையில் முதலில் பெட்டியடிப் பையன்தான். கிட்டங்கி என்கிற அந்தக் கடைக் கட்டடத்தைக் கூட்டுவான், தண்ணீர் எடுத்து வைப்பான், சொன்ன இடத்துக்கு ஓடுவான், பெரியவர்கள் பேரேடு எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பான். அப்புறம் அடுத்தாள், அதற்கும் அப்புறம்தான் மேலாள். மூன்று வருஷம் ஒரு கணக்கு, அது முடிந்தால்தான் ஊர் முகம். இதைப் புகழவும் நான் வரவில்லை, மீசை முளைக்காத வயதில் ஆத்தாளை விட்டுக் கப்பலேறிய பிள்ளை எத்தனை ராத்திரி அழுததோ என்று தாத்தாவே சொல்வார். ஆனால் தொழில் வந்தது அப்படித்தான், பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து. இன்னொன்று, அந்த ஹாலில் இருந்த பிள்ளைகளில் பாதிப் பேரின் பாட்டன்கள் அந்தப் பெரிய வீடுகளுக்குக் கல் சுமந்தவர்கள், சமைத்துப் போட்டவர்கள், கண்டாங்கிச் சேலை நெய்தவர்கள். அவர்கள் ரத்தத்தில் என்ன ஓடியதாம்?

ஆறாம் நாள் ஆத்தங்குடிக்கு வேனில் கூட்டிப்போனார்கள், பூக்கல் என்கிற தரைக் கல் போடுகிற பட்டறை. இது நல்ல ஏற்பாடு. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, கரைத்த வண்ணச் சிமெண்டைக் கட்டம் கட்டமாக ஊற்றி, அச்சைத் தூக்கி, மேலே உலர்ந்த சிமெண்ட் மணலைத் தூவி, அதற்கு மேல் ஈரக் கலவையைப் போட்டு மட்டம் தட்டிக் காயவைத்து, அப்புறம் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுகிறார்கள். கண்ணாடி பட்ட முகம் பளபளவென்று வரும். பிள்ளைகள் ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருக்க, அங்கே வேலை செய்யும் அண்ணன் ஒருவர், சும்மா பார்த்துக்கிட்டு நிக்கிறதுக்கு ஒரு கல் போட்டுப் பாருங்கப்பா என்று கரண்டியைக் கொடுத்திருக்கிறார். வாங்கிய பையன் அச்சைத் தூக்கும்போது கை நடுங்கிப் பச்சை மஞ்சளோடு கலந்துவிட்டது. அண்ணன் திட்டவில்லை, அதை அப்படியே தள்ளி வைத்துவிட்டு அதே நேரத்தில் ஐந்து கல் போட்டு முடித்துவிட்டாராம். அதைப் பார்த்ததும் எங்களுக்கே வெட்கமாகப் போச்சும்மா என்றாள் மகள். இரண்டு மணி நேரத்தில் வேன் கிளம்பிவிட்டது. ஒரு நாள் முழுக்க விட்டிருந்தால் நான் இன்னும் ஒரு கால் ஸ்டார் சேர்த்திருப்பேன்.

சரி, இந்த வகுப்பில் கொடுத்த காசுக்குப் பெறுமான இடத்துக்கு வருகிறேன். எட்டாம் நாள். தொழிலாளர் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரை அழைத்திருந்தார்கள். எனக்கு அன்று வார லீவு, மகளைக் கூட்டிவரப் போனவள் பின்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டேன். வேட்டி, துணிப்பை, மைக் வேண்டாம் என்றுவிட்டார். போர்டில் 15,000 என்று எழுதினார். இதுதான் உன் அடிப்படைச் சம்பளம், மாசக் கடைசியில் கைக்கு எவ்வளவு வரும் என்றார். பதினைந்தாயிரம் என்று மொத்த ஹாலும் கத்தியது. பிஎஃப், அதாவது வருங்கால வைப்பு நிதி, 12 சதவீதம், 1,800 ரூபாய் போச்சு. இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு முக்கால் சதவீதம், ரூபாயாக்கினால் 113, அதுவும் போச்சு. கைக்கு 13,087. பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, வட்டிக்கடையில் நகை வைத்த மாதிரி ஆகிவிட்டது.

அப்புறம்தான் மனிதர் மெதுவாக அவிழ்த்தார். அந்த 1,800 எங்கும் போய்விடவில்லை, உன் பேரில் இருக்கிறது, முதலாளியும் அதே 1,800 போட வேண்டும், அதில் 1,250 ஓய்வூதியத்துக்கு, 550 உன் பிஎஃப் கணக்குக்கு. பன்னிரண்டு இலக்கத்தில் ஒரு எண் கொடுப்பார்கள், வேலை மாறினாலும் அந்த எண் மாறாது, புது இடத்தில் அதையே கொடு, இல்லையென்றால் ஊர் ஊராகக் கணக்கு சிதறிக் கிடக்கும். சம்பளம் 21,000 வரைக்கும் இஎஸ்ஐ உண்டு, முதலாளி பங்கு மூன்றேகால் சதவீதம், நீ காய்ச்சல் என்று படுத்தால் அந்த 113 ரூபாயின் அருமை தெரியும். பிடித்தம் காட்டிவிட்டுக் கட்டாமல் இருக்கிற இடங்களும் உண்டு, அதனால் மாதத்துக்கு ஒருமுறை போனிலேயே பார்த்துக்கொள் என்றார். 19 வருஷம் பில் போடுகிறவள், எனக்கே அந்த 1,250க்கும் 550க்கும் வித்தியாசம் அன்றைக்குத்தான் புரிந்தது. பையிலிருந்து பேனா எடுத்து நோட்டீஸின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன்.

வயதுக் கணக்கும் சொன்னார். 14 முடியாத பிள்ளையை வேலைக்கு வைக்கவே கூடாது, 14 முடிந்து 18 ஆகாதவர்களை ஆபத்தான வேலையில் வைக்கக்கூடாது, மற்ற வேலை என்றாலும் ஒரே மூச்சில் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, நடுவில் ஒரு மணி நேரம் ஓய்வு, எல்லாம் சேர்த்து ஆறு மணி நேரம்தான், ராத்திரி ஏழிலிருந்து காலை எட்டு வரை வேலை வாங்கவே கூடாது. கடைகளில் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் கொண்டுவந்த சட்டத்திருத்தத்தையும் சொன்னார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. நான் அப்போது இருந்த கடையிலும் ஸ்டூல் வந்தது, அழகாக வரிசையாகப் போட்டார்கள், ஆனால் சூப்பர்வைசர் பார்க்கிற பார்வையில் மூன்று மாதம் ஒருத்தரும் உட்காரவில்லை, முதலில் உட்கார்ந்தது கால் வீங்கிப்போன ஒரு அக்கா, அவரைப் பார்த்துத்தான் நாங்கள்.

ஒரு பையன் எழுந்து, மேனேஜர் திட்டினா என்ன சார் செய்யறது என்று கேட்டான். பெரியவர் கொஞ்சம் யோசித்தார். ‘வேலையைத் திட்டினாரா, உன்னைத் திட்டினாரான்னு முதல்ல பாருப்பா. வேலையைன்னா திருத்திக்க. உன்னை, உன் சாதியை, உன் அப்பா அம்மாவைன்னா தேதி போட்டு எழுதி வை, எங்க போய்ச் சொல்றதுன்னு அப்புறம் பார்க்கலாம்.’ ஹால் அமைதியாகிவிட்டது. அடுத்து நாலைந்து கை தூக்கியிருந்தது. அதற்குள் கோட்டுக்காரர் வந்து நேரம் ஆகிவிட்டது, சான்றிதழுக்குப் போட்டோ எடுக்க வேண்டும் என்று அவருக்குப் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிட்டார். மொத்தம் ஒன்றரை மணி நேரம். பத்து நாளில் முப்பது மணி நேரம் வகுப்பு, அதில் ஒன்றரை. மைசெல்ஃபுக்கு ஐந்து நாள்.

சொல்லாமல் விட்டதில் எனக்கு ஆறவே ஆறாதது வெளிநாடு. எங்கள் பக்கத்தில் சிங்கப்பூர், துபாய், சவூதி என்று ஆள் போகாத தெரு கிடையாது. அந்த முப்பத்திரண்டு பேரில் பத்துப் பேராவது இரண்டு மூன்று வருஷத்தில் ஏஜென்ட் முன்னால் பாஸ்போர்ட்டோடு நிற்பார்கள். கம்ப்யூட்டர் வேலை என்று கம்போடியாவுக்கும் மியான்மருக்கும் கூட்டிப்போய் ஆன்லைன் மோசடி செய்யச் சொல்லி அடைத்து வைத்த செய்தி 2022-லிருந்து வந்துகொண்டேதான் இருக்கிறது. ஏஜென்ட் அரசிடம் பதிவு செய்தவரா என்று ஈ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம், சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் தவிர வாங்கக் கூடாது, டூரிஸ்ட் விசாவில் வேலைக்கு ஏற்றுகிறவனை நம்பக்கூடாது. இதைச் சொல்ல பத்து நிமிடம் போதும். அதே மாதிரி ஒரிஜினல் சான்றிதழைக் கொடுத்துவிட்டு வருவது. என் அக்கா மகன் வேலைக்குச் சேர்ந்த ஒரு இடத்தில் பத்தாவது மார்க் ஷீட்டை வாங்கி வைத்துக்கொண்டு, அவன் நின்ற பிறகு எட்டு மாதம் இழுத்தடித்தார்கள். நகல் கொடு, ஒரிஜினலைக் காட்டிவிட்டுக் கையோடு எடுத்து வா என்று ஒருவரும் அவனுக்குச் சொல்லவில்லை, நான் உட்பட.

இலவசமாக அரசாங்கத்தில் இல்லையா என்று கேட்பவர்களுக்கு, இருக்கிறது. நான் முதல்வன் திட்டம் 2022 மார்ச்சில் தொடங்கியது, கல்லூரிக் கனவு நிகழ்ச்சிக்கு மகள் பள்ளியிலிருந்து போயும் வந்தாள், என்ன படிக்கலாம் எங்கே படிக்கலாம் என்பதற்கு அது இந்த ஆறாயிரத்தைவிட மேல். நான் தேடியது படிப்பு அல்ல, அடுத்த நாள் காலை ஒரு இடத்தில் போய் நிற்பது.

அதனால் சான்றிதழ் வாங்கிய மறுவாரமே அவளைக் கோட்டையூரில் பலகாரம் போட்டு விற்கிற ஒரு ஆச்சி வீட்டில் கொண்டுபோய் விட்டேன். வெளியூர், வெளிநாடு என்று ஆர்டர் போகிற வீடு, மனகோலம், தேன்குழல், சீப்புச் சீடை, மாவுருண்டை. நாளைக்கு 250 ரூபாய். காலை ஒன்பதிலிருந்து மூன்று, மத்தியானம் ஒரு மணி நேரம் ஓய்வு. சட்டத்துக்குச் சரியாக வருகிறதே என்று ஆச்சியிடம் சொன்னேன், சட்டமாவது ஒண்ணாவது, அந்த நேரம் நான் தூங்கணும் என்றார். எண்ணெய்ச் சட்டிப் பக்கம் மட்டும் பதினெட்டு ஆகாத பிள்ளை வரக்கூடாது என்பதில் கறார். என்ன தெரியும் உனக்கு என்று கேட்டதற்கு இவள் மைசெல்ஃப் என்று ஆரம்பிக்கப் போனாளாம். அதெல்லாம் இருக்கட்டும் ஆத்தா, கையைக் கழுவிட்டு வா என்றுவிட்டார்.

இரண்டாம் நாள் கோட்டையூர் பஸ்ஸை விட்டுவிட்டாள், நாற்பது நிமிடம் தாமதம். ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. கூட வேலை செய்கிற அக்காதான், உன் பங்கு முப்பது பாக்கெட்டை நான் போட்டுட்டேன், நாளைக்கு என் பங்கு முப்பது உனக்கு என்று சொல்லியிருக்கிறார். மறுநாள் ஆறரைக்கு எழுந்து நின்றதைப் பார்த்து அவள் அப்பா உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

ஐந்தாம் நாள் பெரிய கூத்து. பேக் செய்த தேதி போடுகிற ரப்பர் ஸ்டாம்பில் மாதச் சக்கரத்தைத் திருப்பாமல் விட்டு, மே என்று இருக்க வேண்டியதில் ஏப்ரல் என்று நாற்பது தேன்குழல் பாக்கெட்டில் குத்திவிட்டாள். கவனித்ததும் அந்த நாற்பதையும் காலி அட்டைப்பெட்டிக்குள் தள்ளி மேலே சாக்கைப் போட்டு மூடியிருக்கிறாள். இரண்டு மணி நேரம் வயிற்றைக் கலக்கி, மத்தியானச் சோறு இறங்காமல், ஆச்சி தூங்கி எழுந்ததும் போய்ச் சொல்லிவிட்டாள். ஆச்சி கேட்டது ஒன்றுதானாம். ‘தேன்குழல் ஒண்ணும் கெடலையே, லேபிளைத்தானே மாத்தணும். இதைச் சொல்ல ரெண்டு மணி நேரமா ஆத்தா?’ நாற்பது லேபிளையும் உரித்து, பசையைத் துடைத்து, புதுசு ஒட்டி முடிக்க அன்று முழுக்க ஆனது. வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது விரல் நுனியெல்லாம் பிசுபிசுப்பு. எங்கள் கடையில் கல்லாவில் 500 ரூபாய் குறைந்ததை இரண்டு நாள் மறைத்து, மூன்றாம் நாள் வேலையை விட்டுப் போன ஒரு பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். உண்மையில் பணமே குறையவில்லை, ஒரு பில்லை இரண்டு தரம் அடித்திருந்தாள், அவ்வளவுதான், கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்திருப்போம்.

பதினெட்டு நாள் போனாள். 4,500 ரூபாய், பிடித்தம் எதுவும் இல்லை, மேலே ஒரு கிலோ மாவுருண்டை. வகுப்புக்குக் கட்டியது ஆறாயிரம், ஆக நிகர நஷ்டம் 1,500 என்று மகளே கணக்குப் போட்டாள். ஆச்சி வீட்டுக்கு நான் ஸ்டார் போடப் போவதில்லை, அது அவர் வியாபாரம், பயிற்சி நிலையம் இல்லை, நாளைக்கே நாற்பது அம்மாக்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாசலில் நின்றால் என்னைத்தான் வைவார்.

வகுப்புக்கு மட்டும் கணக்கு. பெரியவரின் ஒன்றரை மணி நேரத்துக்கு முழுசாக ஒரு ஸ்டார். ஆத்தங்குடிக்கு அரை. மைக்கைப் பிடிக்கிற தைரியத்துக்கு அரை. அரைக்கால் எதற்கு என்றால், தினமும் பதினொன்றரைக்கு வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்ச் சட்னியும் கொடுத்தார்கள், சட்னி நன்றாக இருந்ததாம். சேர்க்கிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது அந்தப் பெரியவர் இந்தத் தடவையும் வருகிறாரா, எத்தனை மணி நேரம் என்று. வருகிறார், ஒரு நாள் முழுக்க என்றால் கட்டலாம். இல்லையென்றால் அந்த ஆறாயிரத்துக்குப் பிள்ளைக்கு நல்ல செருப்பும் ஒரு பஸ் பாஸும் வாங்கிக் கொடுத்து, மிச்சத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிலையத்திலிருந்து இரண்டு தடவை போன் வந்தது, ஐந்து ஸ்டார் போட்டு நாலு வரி எழுதிவிட்டால் இரண்டாவது பிள்ளைக்கு 500 ரூபாய் தள்ளுபடி தருகிறார்களாம். மகன் இப்போதுதான் ஒன்பதாவது. நாலு வரியில் அடங்காது என்று இதை முழுசாக அவர்கள் வாட்ஸாப்புக்கே அனுப்பிவைத்தேன். நீல டிக் விழுந்து மூன்று நாள் ஆகிறது.